மணல் லிங்கமும் கடலடிக் குழாயும்

நிலையானது எது என்ற வழக்கு காஞ்சிபுரத்தில் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் நடந்திருக்கிறது. மணிமேகலை இந்த ஊருக்கு வந்துதான், எதுவும் மற்றொன்றைச் சார்ந்தே தோன்றும் என்ற சார்பிற்றோற்றத்தை அறவண அடிகளிடம் கேட்டாள். நாளந்தாவில் புகழ்பெற்ற தர்மபாலர் பிறந்தது இங்கேதான் என்று யுவான் சுவாங் எழுதிவைத்தார். கணத்துக்குக் கணம் அழிந்து கணத்துக்குக் கணம் பிறப்பதையே நாம் பொருள் என்கிறோம், நிலைத்த ஒன்று அதற்குள் இல்லை என்பது பௌத்தர் கட்சி. ஊரை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமணர், தோற்றமும் அழிவும் நிலைபேறும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் உண்டு என்றார்கள். எக்காலத்திலும் மறுக்கப்படாத ஒன்றுக்கு மட்டுமே உண்மை என்ற பெயரைக் கொடுத்தார்கள் அத்வைதிகள். 1268-ல் இதே ஊரின் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரின் விசிஷ்டாத்வைத மரபு, இறைவனை ஆதாரமாகக் கொண்டு நிற்கும் உடலே உலகம் என்றது. பெரிய காஞ்சிபுரத்துச் சைவர்கள் மாறுவதை அசத்து என்று பிரித்தார்களே தவிர, பொய் என்று தள்ளவில்லை. இத்தனை பேரும் வாதத்துக்குக் கையில் எடுத்தவை பானை, கயிறு, பாம்பு, விளக்குச் சுடர், கிளிஞ்சல். நல்ல உதாரணங்கள்தாம். ஆனால் அவற்றில் தப்பான விடை சொன்னவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கயிற்றைப் பாம்பென்று வாதிட்டுத் தோற்றவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். விடை தப்பானால் எண்ணெய் கடலில் கொட்டிவிடும் என்ற இடத்திலிருந்து இந்த வழக்குக்கு ஒரு சாட்சியைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். கடலடியில் போட்ட குழாய் அங்கேயே நிற்குமா என்று கணக்கிடும் பொறியியலில்தான் அந்தச் சாட்சி இருக்கிறது.

இது நமக்குத் தொலைதூரச் சமாச்சாரம் இல்லை. மும்பை ஹை வயலிலிருந்து உரான் கரை வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு 1978 முதலே கடலடியில் குழாய்கள் கிடக்கின்றன. காவிரிப் படுகையில் பி.ஒய்-1 வயலின் எரிவாயுவைக் கொண்டுவரப் போட்ட குழாய், திருக்கடையூரை அடுத்த பிள்ளைப்பெருமாநல்லூரில் கரையேறுகிறது. நெம்மேலியில் கடல்நீரிலிருந்து தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் 2013-ல் தொடங்கியபோது அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகே கணக்கு மாறியது. அங்கேயும் நீரை உள்ளே இழுப்பதற்கும் உப்பு மிகுந்த கழிவுநீரை வெளியே விடுவதற்கும் குழாய்கள் கடலுக்குள் போகின்றன. 2012 அக்டோபர் 31-ல் நீலம் புயல் கரை கடந்ததும் நெம்மேலியை ஒட்டிய மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரையில்தான். இத்தகைய குழாய்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் பாலிஎத்திலீன், நீரைவிட இலேசான பொருள். கான்கிரீட் பாரம் பூட்டாவிட்டால் அது மேலே மிதந்து வந்துவிடும். எஃகுக் குழாய்க்கு அந்தக் கவலை குறைவு என்று தோன்றும். ஆனால் உள்ளே எரிவாயு மட்டுமே நிரம்பிய பெரிய எஃகுக் குழாயும் கிட்டத்தட்ட மிதக்கும் நிலைக்கு வந்துவிடுவதால் அதற்கும் மேலே கான்கிரீட் உறை போடுகிறார்கள்.

கடலடியில் கிடக்கும் குழாயை அலை பக்கவாட்டில் தள்ளுகிறது என்பது யாருக்கும் தெரியும். தெரியாத இன்னொன்று உண்டு. குழாயின் முதுகின் மேல் நீர் வேகமாக வழுக்கி ஓடும்போது அங்கே அழுத்தம் குறைந்து, குழாய் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. இவற்றை எதிர்த்து நிற்பவை இரண்டு: குழாயின் மூழ்கிய எடை, அடியில் உள்ள மண்ணின் பிடி. இந்த இரண்டும் தனித்தனி ஆட்கள் இல்லை என்பதில்தான் சிக்கல். பிடி எடையைப் பொறுத்தது. மேல்நோக்கிய இழுப்பு எடையைக் குறைக்கும்போது பிடியும் கூடவே தளர்கிறது. அலையோ ஒரு பக்கம் தள்ளிவிட்டு நிற்பதில்லை, சில விநாடிகளில் திரும்பி மறுபக்கம் தள்ளுகிறது. நார்வேயில் தொடங்கிய டி.என்.வி. நிறுவனத்தின் விதிநூல் உராய்வுக்கு மணலில் 0.6, களிமண்ணில் 0.2 என்ற எண்களைக் கொடுக்கிறது. அதோடு, குழாய் மண்ணில் கொஞ்சம் புதைந்திருந்தால் முன்னால் குவிந்த மண் தடுக்கும் தடையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரே குழாய், ஒரே அலை. அடியில் இருப்பது மணலா களியா, எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் நிற்கும், இன்னோரிடத்தில் ஓடும். ஆகவே நிலைபேறு குழாயின் குணம் என்று யாரும் சொல்ல முடியாது. அது குழாய்க்கும் மண்ணுக்கும் நீருக்கும் இடையில் இருக்கிறது. தத்துவத்தில் ஒருவர் இதை நிறுவ ஒரு நூல் எழுத வேண்டியிருக்கும். பொறியாளருக்கு இது கணக்கின் முதல் வரி.

அடுத்த வரியில் இன்னும் பெரிய விஷயம் இருக்கிறது. நிலையான குழாய் என்றால் அசையாத குழாய் என்று எடுத்துக்கொண்டுதான் இந்தத் துறை தொடங்கியது. மிகப் பெரிய அலையிலும் ஓர் அங்குலம் நகரக் கூடாது. நல்ல இலட்சியம்தான், ஆனால் அதற்கு வேண்டிய கான்கிரீட்டைச் சுமந்து குழாயைக் கடலில் இறக்கும்போது எஃகே வளைந்து கெட்டுவிடும் நிலை பல இடங்களில் வரும். டி.என்.வி.-யிலிருந்து 1988-ல் வந்த இ305 என்ற வழிகாட்டியும், அதன் இடத்துக்கு 2007-ல் வந்த எஃப்109-ம் இந்தப் பிடிவாதத்தைத் தளர்த்தின. இன்றைய முறையில் மூன்று வழிகள் உண்டு. அறவே அசையாமல் வைக்கலாம். விட்டத்தில் பாதிக்குள் அசைந்தால் நிலையானதாகவே கொள்ளலாம். அல்லது, புயல் முழுவதிலும் பத்து விட்டம் வரை பக்கவாட்டில் நகர அனுமதித்து, நகர்ந்தபின் குழாய் முறுக்கேறாமல், அக்கம்பக்கத்தில் எதிலும் இடிக்காமல், இணைப்புகள் பிய்யாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். அரை மீட்டர் விட்டமுள்ள குழாய்க்குப் பத்து விட்டம் என்பது ஐந்து மீட்டர். ஐந்து மீட்டர் நகர்ந்த ஒன்றை நிலையானது என்று கையெழுத்திட்டுத் தருகிறார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்தக் கையெழுத்து சரியானது என்பதே என் கட்சி.

எந்தப் புயலில் என்ற கேள்விக்கும் பதில் எழுதப்பட்டிருக்கிறது: நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அலை. இதைக் கேட்டதும் நம்மூர்க்காரருக்கு அத்திவரதர் ஞாபகம் வரும். அவர் அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருள்வது பஞ்சாங்கக் கணக்கு. 1979-க்குப் பின் 2019 என்று சொல்லிவைத்து வரும். நூறாண்டு அலை அப்படி வராது. ஏதாவது ஓர் ஆண்டில் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் வரலாம், இருநூறு ஆண்டு வராமலும் இருக்கலாம். 40 ஆண்டு கடலில் கிடக்கும் குழாய் அப்படிப்பட்ட அலையை ஒருமுறையாவது சந்திக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆக, நிலையானது என்ற சான்றுக்குள் எதைப் பொறுத்து, எவ்வளவு காலத்துக்கு, எவ்வளவு அசைவு வரை என்ற மூன்று நிபந்தனைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. நிபந்தனை இல்லாத நிலைபேறு என்று ஒன்றைக் கேட்டு வருபவரிடம் விற்க இந்தத் துறையில் சரக்கு இல்லை.

அசையாமையே ஆபத்தாகும் இடங்களும் உண்டு. கடலடிக் கிணற்றிலிருந்து வரும் எண்ணெய் சூடானது. சூட்டில் எஃகு நீள்கிறது. இரு முனையும் மண்ணும் பிடித்துக்கொண்டால் நீளும் வழியின்றி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. எங்கே பிடி பலவீனமோ அங்கே குழாய் ஒருநாள் பக்கவாட்டில் பிதுங்கும். 2000 ஜனவரியில் பிரேசிலின் குவனபாரா விரிகுடாவில் பெட்ரோபிராஸ் நிறுவனத்தின் குழாய் இப்படி மென்களியில் பிதுங்கி உடைந்தது. ஏறத்தாழ 13 லட்சம் லிட்டர் எண்ணெய் அலையாத்திக் காடுகளிலும் மீனவர் கரைகளிலும் படிந்தது. அதற்குப் பிறகு வெப்பக் குழாய்களை வடிவமைப்பவர்கள், எங்கே நெளிய வேண்டும் என்று முன்கூட்டியே இடம் குறித்து, அடியில் தாங்குகட்டை வைத்து, குழாயைப் பாம்பு மாதிரி நெளிய விடும் முறையைப் பரவலாகக் கைக்கொண்டார்கள். நெளிவை மறுத்த குழாய் உடைகிறது, நெளிய இடம் கொடுத்த குழாய் பிழைக்கிறது. அசையாத ஒன்றே நிலையானது என்ற கட்சிக்கு இது நேரான எதிர்ச்சாட்சி.

ஆனால் இந்த வழக்கின் உண்மையான முடிச்சு வேறிடத்தில் விழுகிறது. அதை அவிழ்த்தவர் ஆண்ட்ரூ பாமர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருந்து பின்னாளில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். 1996-ல் வழக்கமான கணக்குமுறையில் ஓர் அடிப்படைப் பிசகு இருக்கிறது என்று அவர் எழுதினார். நூறாண்டுப் புயல் வந்து குழாயை உலுக்குவதாகக் கணக்கிடுகிறோம்; ஆனால் அந்தப் புயல் முழுவதும் அடியில் உள்ள மணல் அப்படியே இருப்பதாக எடுத்துக்கொள்கிறோம். அது எப்படி முடியும்? ஓடும் நீரில் மணல் எப்போது நகரத் தொடங்கும் என்பதை 1936-லேயே ஷீல்ட்ஸ் என்பவர் பெர்லினில் ஆராய்ந்து எழுதிவிட்டார். விநாடிக்கு அரை மீட்டருக்கும் குறைவான ஓட்டத்தில் நடுத்தர மணல் உருளத் தொடங்கிவிடும். ஆழம் குறைந்த கடலில் பெரும்புயலின்போது அடிமட்ட நீரோட்டம் அதைப் போலப் பல மடங்கு. ஆகவே குழாய் ஆடுவதற்கு வெகுமுன்பே தரை ஆடத் தொடங்கிவிடுகிறது. எதன்மேல் குழாய் நிற்கிறது என்று கணக்கிட்டோமோ, அந்த எதுவே நிற்கவில்லை. இது ஏட்டுக் கவலை இல்லை. 2004-ல் ஐவன் புயலின்போது மிசிசிப்பி முகத்துவாரத்தில் கடலடிச் சேறே சரிந்து போய்க் குழாய்களை இழுத்துக்கொண்டு சென்றது. ஓர் எண்ணெய் மேடையும் சாய்ந்தது. மறு ஆண்டு கத்ரீனா, ரீட்டா புயல்களுக்குப் பின் அமெரிக்க அரசு எடுத்த கணக்கில் சேதமான குழாய்கள் 457.

இந்தக் கேள்வியைக் காஞ்சியின் எந்தப் பள்ளிக்குக் கொண்டுபோனாலும் அடையாளம் கண்டுகொள்வார்கள். தாங்கப்படுவதற்குத் தாங்குவது வேண்டும். தாங்குவதும் அசைந்தால் அதைத் தாங்குவது எது? அதற்கும் கீழே? மேலே மணல், அதன்கீழ் களி, அதன்கீழ் பாறை, பாறையும் நகரும் கண்டத்தட்டு. முடிவில்லாத சங்கிலி என்று வாதநூல்கள் குற்றம் சாட்டும் நிலை இது. இதைத் தவிர்க்கவே அத்வைதி ஓர் அசையாத அடித்தளத்தைக் கேட்கிறார். விசிஷ்டாத்வைதி தன்னைத் தானே தாங்கும் ஆதாரமாக நாராயணனைக் காட்டுகிறார். பௌத்தர் சங்கிலி முடியவேண்டிய அவசியமே இல்லை, ஒன்றையொன்று சார்ந்து நின்றால் போதும் என்கிறார். கடலடியில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், இந்த ஒரு விஷயத்தில் பௌத்தர் பக்கம் தராசு சாய்கிறது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில், பெர்த் நகரில், ஆங்கில ஓ எழுத்துப்போல் வளைந்து மூடிய பெரிய நீர்ச்சுற்றை அமைத்தார்கள். குழாயை மட்டும் சோதிக்காமல் அதன் கீழுள்ள மணலையும் போட்டு, புயல் வளர்வதுபோலப் படிப்படியாக ஓட்டத்தைக் கூட்டினார்கள். புயலின் உச்சம் திடீரென்று வருவதில்லை என்பது அப்போது முக்கியமாகிறது. சின்ன அலைகள் முதலில் வந்து குழாயின் அடிமணலை அரிக்கின்றன. அடியில் ஓட்டை விழுந்து, அது நீண்டு, குழாய் தன் எடையால் அந்தப் பள்ளத்தில் இறங்குகிறது. இருபுறமும் மணல் வந்து சேர்கிறது. உச்ச அலை வந்துசேரும்போது குழாய் பாதி புதைந்து நீரின் வழியிலிருந்து விலகியிருக்கக்கூடும். எல்லா மணலிலும் இப்படி நல்லதாக முடியாது. சில இடங்களில் அரிப்பு குழாயை அந்தரத்தில் தொங்கவிடும். மணல் நீரோடு கலந்து கூழாகிவிட்டால் புதைத்த குழாயே இலேசாக இருந்தால் மேலே வந்துவிடும். ஆனால் ஒன்று உறுதியாயிற்று: நகரும் தரை எப்போதும் பகையில்லை. வடகடலில் 1980-களிலிருந்தே சில குழாய்களின் முதுகில் நீளவாக்கில் துடுப்புபோல ஒரு தகடு பொருத்துகிறார்கள். அது அடியில் அரிப்பை வேண்டுமென்றே கூட்டும். குழாயை வெள்ளம் தானே புதைக்கட்டும் என்பதற்காக.

பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலைத் தெரிந்தவர்களுக்கு இது புதிய கதையாகத் தோன்றாது. பஞ்சபூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது இது. அம்மை மாமரத்தடியில் மணலைக் கூட்டி லிங்கம் செய்து பூசித்தபோது கம்பையாற்றில் வெள்ளம் பெருகி வந்தது என்பதும், அவள் லிங்கத்தைத் தழுவிக் காத்தாள் என்பதும் தலவரலாறு. சேக்கிழார் திருக்குறிப்புத் தொண்டர் புராணத்திலும், சிவஞான முனிவர் காஞ்சிப் புராணத்திலும் இதைப் பாடியிருக்கிறார்கள். கதையின் நடுவில் ஒரு திருப்பம் நடந்திருக்கலாம், நடக்கவில்லை. மணல் கல்லாக இறுகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வெள்ளம் இரண்டாகப் பிளந்து விலகியது என்று சொல்லியிருக்கலாம். இந்த ஊர் சொன்னது வேறு: தழுவியபோது லிங்கம் குழைந்தது, வளையல் தழும்பும் மார்பின் சுவடும் அதில் பதிந்தன. இறைவனுக்குத் தழுவக்குழைந்தநாதர் என்ற பேரே நிலைத்துவிட்டது. இன்றும் கருவறையில் மணல் லிங்கத்துக்கு நேராக நீர் அபிஷேகம் கிடையாது. அபிஷேகம் ஆவுடையாருக்கு, லிங்கத்துக்குப் புனுகு சாத்துவதோடு சரி. கம்பையாறு ஆறாக இன்று ஓடவில்லை, மணலாக நின்றது கருவறையில் நிற்கிறது. கரைந்துபோகக்கூடியது என்று தெரிந்தே ஒன்றைத் தெய்வமாக வைத்து, கரையாமலிருக்க என்ன செய்யக் கூடாது என்ற ஒழுங்கை நூற்றாண்டுகளாகக் கைவிடாமல் இருக்கிறார்கள். இங்கே நிலைபேறு மணலில் மட்டும் இல்லை. அதைத் தொடுகிறவர்களின் நடத்தையிலும் பாதி இருக்கிறது.

புராணத்தைப் பொறியியலோடு கலப்பது ஏமாற்று வேலை என்று ஒருவர் சொல்லலாம். சரியான எச்சரிக்கைதான். பல்லவர் காலத்திலேயே நமக்குக் கடலடிப் பொறியியல் தெரியும் என்று யாராவது கிளம்பினால் முதலில் மறுக்கவேண்டியவன் நான். மணல் லிங்கக் கதை குழாய்க் கணக்கை நிரூபிக்காது. குழாய்க் கணக்கும் கதையை நிரூபிக்காது. ஆனால் என் கேள்வி, ஒரு மரபு எதை நிலையானது என்று போற்றுகிறது என்பது. அதற்குப் புராணம் நேரடிச் சாட்சி. வேறு எங்கே தேடுவது? அந்தச் சாட்சியைக் கேட்டால், மாறாததே தெய்வம் என்று பிரசங்கங்களில் கேட்டுப் பழகிய பாடத்துக்குக் கோயிலே ஒத்துப்போகவில்லை என்று தெரிகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு கோயிலுக்குள்ளிருந்தே வரும். ஆகமம் திருமேனிகளை அசலம், சலம், சலாசலம் என்று பிரிக்கிறது. வீதியுலா போகும் உற்சவர் அசைவார். மூலவர் அசையக் கூடாது. சின்னக் காஞ்சிபுரத்துத் திருவெஃகாவில் இன்னும் கடுமையான கதை உண்டு: பிரமனின் வேள்வியை அழிக்க வேகவதி வெள்ளமாகப் பாய்ந்து வந்தபோது திருமால் அதன் குறுக்கே அணையாகப் படுத்துவிட்டார். குழையவில்லை, விலகவில்லை. கான்கிரீட் உறைபோட்ட கட்சிக்கு இதைவிட நல்ல குலதெய்வம் கிடைக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பெருமாளைப் பற்றி அதே ஊர் சொல்லும் அடுத்த கதையையும் கேட்க வேண்டும். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன் மன்னனின் கோபத்தால் காஞ்சியை விட்டுப் போக நேர்ந்தது. ஆழ்வார் அவரோடு கிளம்பினார், பெருமாளும் பாம்புப்படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார். திரும்ப அழைத்ததும் வந்து படுத்தார். அதற்கு அடையாளமாக மற்றத் தலங்களுக்கு மாறான பக்கமாகச் சயனித்திருக்கிறார். வெள்ளத்துக்கு அசையாதவர் அடியவருக்கு அசைந்தார். எதற்கு அசையலாம், எதற்கு அசையக் கூடாது என்ற பாகுபாடுதான் அங்கே வழிபடப்படுகிறது. மூலவர் விஷயமும் அப்படியே. பீடத்தோடு அவரைப் பிடித்துவைப்பது அஷ்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கணக்கில் இடிப்பார்கள். கை பொறுக்கும் சூட்டில் மெழுகுபோல நீண்டு வரும்போது பீடத்துக்கும் சிலைக்கும் இடையில் திணிப்பார்கள். அந்தச் சாந்து இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்தால் தப்பு. வெண்ணெயும் மெழுகும் அதை இளக்கமாக வைத்திருக்கவே சேர்கின்றன. காலப்போக்கில் இளக்கம் போய் இறுகிவிட்டால் விரிசல் விடும், இடுக்கில் நீர் இறங்கும். அதனால்தான் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகச் சாத்திக் குடமுழுக்கு செய்கிறார்கள். அசலம் என்று ஆகமம் சொல்லும் திருமேனி நிற்பது இளக்கமான சாந்திலும் தவறாத தவணையிலும்.

அத்வைதி இவ்வளவையும் கேட்டுவிட்டு அமைதியாக ஒன்று சொல்வார். அசைவை அசைவு என்று அறியவே அசையாத ஒன்று வேண்டும். குழாய் ஐந்து மீட்டர் நகர்ந்தது என்றால் எங்கிருந்து ஐந்து? அளவுகோலும் நகர்ந்தால் அளவே இல்லை. கூர்மையான வாதம் இது, எளிதில் தள்ள முடியாது. என் பதில் இவ்வளவுதான்: அளப்பதற்கு முற்றிலும் அசையாத ஒன்று தேவையில்லை; அளக்கப்படுவதைவிட மிக மெதுவாக நகரும் ஒன்று போதும். கடலடி ஆய்வுக் கப்பல் குழாயின் இடத்தைச் செயற்கைக்கோளை வைத்துக் குறிக்கிறது. செயற்கைக்கோள் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் ஓட்டம் தெரிந்திருப்பதால் வேலை நடக்கிறது. தெரிந்த அசைவை வைத்துத் தெரியாத அசைவை அளக்கிறோம். இதைக் கொண்டு பிரம்மம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது, நான் முயலவும் இல்லை. அறிபவனைப் பற்றி அத்வைதி எழுப்பும் கேள்வி தனி வழக்கு. அசைவை அறிய அசையாத பொருள் ஒன்று உலகில் இருந்தாக வேண்டும் என்ற அந்த ஒரு படி மட்டும் அவசியமில்லை என்கிறேன்.

நடைமுறைக்காரரின் ஆட்சேபம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அசையலாம் என்று ஒருமுறை இடம் கொடுத்தால் எல்லாத் தளர்வுக்கும் தத்துவம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கான்கிரீட்டை மிச்சம் பிடிக்க நிறுவனத்துக்கு நல்ல சாக்கு. ஒழுக்கத்திலும் இப்படித்தான் நெகிழ்ச்சி என்ற பேரில் எல்லாம் போயிற்று என்பார் அவர். பயம் நியாயமானது. ஆனால் விதிநூலைக் கவனித்தால் அசையாமையைக் கைவிட்ட இடத்தில் கண்டிப்பு கூடியிருக்கிறது. அசையவே கூடாது என்று சொல்பவர் வேறெதையும் யோசிக்க வேண்டாம். பத்து விட்டம் என்று சொல்பவர் மண்ணின் வகை, புயலின் நேரம், வளைவின் அளவு, பக்கத்தில் இருக்கும் மற்றக் குழாய்கள், மீன்பிடி வலை மாட்டும் இடங்கள் அத்தனையையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். எதற்கும் மேலாக, எது கெடக் கூடாது என்று பேர்சொல்லிக் குறிக்க வேண்டும்: எஃகின் சுவர் கிழியக் கூடாது, உள்ளே ஓடுவது வெளியே வரக் கூடாது. இந்த ஒன்றைக் காக்கவே மற்றதெல்லாம் நகர அனுமதி. பிள்ளையார்பாளையத்துத் தறியில் நெய்ய நெய்யப் பாவைத் தளர்த்தி விட்டுக்கொண்டே வருவார்கள், இழுவை மட்டும் மாறாது. பாவை அசையாமல் கட்டிப்போட்டால் சேலை ஒரு முழம்கூட ஏறாது. எது மாறக் கூடாது என்று தெரியாதவர் கையில்தான் நெகிழ்ச்சி தளர்வாகிறது. அப்படிப்பட்டவர் கையில் அசையாமையும் பிடிவாதமாகத்தான் போகும்.

ஆகவே இந்த வழக்கில், இந்தச் சாட்சியின் அளவில், திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் சொன்னதே தீர்ப்புக்குக் கிட்ட வருகிறது என்று நினைக்கிறேன். மணல் போகிறது, மணல் வருகிறது, குழாய் இருக்கிறது. மூன்றும் ஒரே சமயத்தில் உண்மை. பௌத்தர் நகர்வைச் சரியாகப் பார்த்தார், ஆனால் இத்தனை நகர்விலும் கிழியாமல் காக்கப்படும் ஒன்றுக்கு அவர் கொடுத்த இடம் போதாது. சைவர்கள் வாதநூல்களில் எதைச் சொல்லியிருந்தாலும் கோயிலில் செய்தது இதைத்தான்: கரையும் பொருளை வைத்து, கரையாமல் காக்கும் முறையைத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றிக் கொடுத்தார்கள்.

நிலைபேறு ஒரு பொருளின் குணமாக இருந்தால் ஒருமுறை சான்று வாங்கினால் போதும். தவணை வைத்துக் காக்கவேண்டிய உறவாக இருந்தால் சான்றில் தேதி இருக்க வேண்டும், தேதி கடந்தால் திரும்பப் பார்க்க வேண்டும். கோயில் அஷ்டபந்தனத்துக்குத் தவணை தப்பினால் ஊர் கேட்கிறது. அடுத்த குடமுழுக்கு எப்போது என்பது தேர்வீதியில் டீக்கடைப் பேச்சு. நெம்மேலியிலும் பிள்ளைப்பெருமாநல்லூரிலும் கடலுக்குள் போகும் குழாய்களைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள், எங்கே அடிமணல் அரித்துப்போய்த் தொங்குகிறது, எங்கே புதைந்திருக்கிறது என்று தினமும் அவற்றின்மேல் வலைவீசும் மீனவர் கேட்டால் பதில் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும், ஒவ்வொரு பெரும்புயலுக்குப் பிறகும் கடலடி அளவீடு எடுத்து, அதன் தேதியோடு, தமிழில், வரைபடத்தோடு அந்தந்த மீனவ ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கொடுக்கும்படி குழாய் போட்டவர்களையும் அனுமதி கொடுத்தவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.